வெள்ளை விளக்கு எரிகிறது, படம் எங்கே?

எக்ஸ்பாக்ஸ் 360 என்ற கேம் கன்சோல் 2005 நவம்பரில் விற்பனைக்கு வந்தது. அதன் பவர் பட்டனைச் சுற்றி வளையமாக ஒரு விளக்கு. நான்கு கால்வட்டத் துண்டுகள். எல்லாம் சரியாக இருந்தால் பச்சை, கோளாறு என்றால் சிவப்பு. மூன்று துண்டுகள் சிவந்தால் உள்ளே பெரிய பழுது என்று பொருள். நான்கும் சிவந்தால்? டிவிக்குப் போகும் கேபிள் சரியாகச் செருகப்படவில்லை, அவ்வளவுதான். ஒரு அழுத்து அழுத்தினால் தீர்ந்துவிடும். வளையம் முழுக்கச் சிவந்ததைப் பார்த்துப் பதறியவர்கள் நிம்மதி அடைந்திருக்க வேண்டும்.

பின்னால் வந்த கன்சோல்கள் இவ்வளவுகூட வாய் திறப்பதில்லை. 2013 நவம்பரில் வந்து, உலகம் முழுக்க 11 கோடிக்கு மேல் விற்ற பிளேஸ்டேஷன் 4-ஐ எடுத்துக்கொள்ளலாம். பட்டனைத் தொட்டதும் ஒரு 'பீப்'. மெல்லிய கோடு போன்ற விளக்கு நீலமாகத் துடித்து, பிறகு வெள்ளையாக நிலைக்கிறது. விசிறி சுற்றுகிறது. டிவியில் மட்டும் 'நோ சிக்னல்'. வீட்டில் உடனே தீர்ப்பு எழுதிவிடுவார்கள்: "போச்சு, செத்துப்போச்சு."

அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தவறு. தவறு என்பதற்குச் சாட்சி அந்த வெள்ளை விளக்கேதான். முக்கிய சிப்போ, நினைவகமோ, மின்சாரம் தரும் பகுதியோ பழுதாகியிருந்தால் விளக்கு நீலத்தைத் தாண்டாமல் துடித்துக்கொண்டே இருந்து அணைந்துபோவதுதான் வழக்கம். வெள்ளைக்கு வந்துவிட்டது என்றால் மூளை விழித்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அது படத்தை வரைந்துகொண்டும் இருக்கலாம். வரைந்த படம் டிவிக்கு வந்துசேரும் பாதையில் எங்கோ ஓரிடத்தில் அறுந்திருக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

பாதை எப்படிப் போகிறது? பிளேஸ்டேஷன் 4-இல் படத்தை உருவாக்கும் பெரிய சிப், அதை நேரே டிவிக்கு அனுப்புவதில்லை. பக்கத்தில் ஒரு சிறிய ஐசி இருக்கிறது. பானசோனிக் தயாரிப்பு, ஆரம்ப மாடல்களில் அதன் எண் எம்.என்.86471ஏ. பெரிய சிப்பின் சமிக்ஞையை வாங்கி, டிவிக்குப் புரியும் எச்.டி.எம்.ஐ. வடிவத்துக்கு மாற்றுவது அதன் பணி. அங்கிருந்து கண்ணுக்கு மணல்பொடி போலத் தெரியும் சில வடிகட்டிகள், பிறகு பின்பக்கத்து எச்.டி.எம்.ஐ. போர்ட், கேபிள், கடைசியில் டிவி. முழு எச்.டி. படம் நொடிக்கு 60 முறை மாறும்போது இந்த வழியில் ஒவ்வொரு நொடியும் 445 கோடி பிட்டுகள் ஓடுகின்றன. ஒரு முடியளவு விரிசல் போதும், மொத்தமும் நின்றுவிடும்.

போர்ட்டுக்குள் 19 பின்கள் உண்டு. அவற்றில் படத்தைச் சுமப்பவை எட்டுதான், நான்கு ஜோடிகள். மீதியில் சில, படம் கிளம்புவதற்கு முன்பு நடக்கும் ஒரு பேச்சுவார்த்தைக்கு. கன்சோல் 18-ஆம் பின் வழியாக 5 வோல்ட் அனுப்புகிறது. டிவி அதை வாங்கி 19-ஆம் பின்னில் திருப்பிக் காட்டி, "இருக்கிறேன்" என்கிறது. பிறகு 15, 16-ஆம் பின்களில் கன்சோல் விசாரிக்கிறது: உன் திரை எவ்வளவு பெரிது, எந்த அளவுப் படம் உனக்கு ஒத்துக்கொள்ளும்? டிவி தன் பட்டியலைக் கொடுக்கிறது. திருட்டுப் பதிவைத் தடுக்கும் ரகசிய எண் பரிமாற்றமும் இடையில் உண்டு. இவ்வளவும் முடிந்து சுமுகமானால்தான் திரையில் படம். ஆகவே படத்தைச் சுமக்கும் எட்டு பின்களும் நன்றாக இருந்து, அந்த 19-ஆம் பின் ஒன்று மட்டும் வளைந்துபோனாலும் திரை இருட்டாகவே இருக்கக்கூடும். டிவி அங்கே இருப்பதே கன்சோலுக்குத் தெரியாது.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள் பைசா செலவில்லாதவை, ஆனால் வரிசையாகச் செய்ய வேண்டும். கேபிளை மாற்றிப் பார்ப்பது, டிவியின் வேறு எச்.டி.எம்.ஐ. வாயில் செருகிப் பார்ப்பது, வேறு டிவியிலேயே மாட்டிப் பார்ப்பது. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். மூன்றையும் சேர்த்து மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாது. ஓடும் கேபிள் என்று சந்தேகமில்லாமல் தெரிந்த ஒன்றை, செட்டாப் பாக்ஸில் இருப்பதைப் போல, கழற்றி மாட்டுவது நல்லது.

புதிய கன்சோல்களில் கேபிளே வில்லனாவது இன்னும் அதிகம். பிளேஸ்டேஷன் 5, 4கே படத்தை நொடிக்கு 120 முறை அனுப்ப வல்லது. அதற்கு நொடிக்கு 3,200 கோடி பிட்டுகள் வரை போக வேண்டும். பழைய கேபிளுக்கு அந்தப் பாரம் தாங்காது. படம் மினுக்கி மினுக்கி மறையும், அல்லது வரவே வராது. அதே கேபிள் சாதாரண எச்.டி. படத்தை அழகாகக் கொண்டுபோகும் என்பதால் அதன்மேல் யாருக்கும் சந்தேகம் எழாது.

நின்டெண்டோ ஸ்விட்ச் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு பொறி. 2017 மார்ச்சில் வந்த அந்தக் கன்சோல் கையில் வைத்து ஆடும்போது சொந்தத் திரையில் நன்றாக ஓடும். டிவியோடு இணைக்கும் டாக்கில் வைத்தால் டிவியில் படம் வராது. பல வீடுகளில் காரணம், டாக்குக்கு மொபைல் சார்ஜரைக் கொடுத்திருப்பது. அதன் சொந்த அடாப்டர் 15 வோல்ட், 2.6 ஆம்பியர் தருகிறது. அந்த 15 வோல்ட் கிடைக்காவிட்டால் டாக் டிவிக்குப் படம் அனுப்பாது. கன்சோல் சார்ஜ் ஏறிக்கொண்டிருப்பதைப் பார்த்து, மின்சாரம் சரியாகத்தான் போகிறது என்று எண்ணிவிடுகிறார்கள்.

அடுத்தது சேஃப் மோடு. டிவிக்கு ஒத்துவராத பட அளவு தேர்வாகியிருந்தால் திரை இருளும். பழுது எதுவும் இல்லை, அமைப்பு மட்டும்தான் தவறு. பிளேஸ்டேஷன் 4-ஐயும் 5-ஐயும் முழுக்க அணைத்துவிட்டு, பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால் ஒரு பீப் கேட்கும். விடாமல் பிடித்திருந்தால் சுமார் ஏழு நொடியில் இரண்டாவது பீப். அப்போது கையை எடுக்க வேண்டும். கன்சோல் குறைந்த அளவுப் படத்தோடு எழும். கண்ட்ரோலரை யு.எஸ்.பி. ஒயரில் இணைத்து, பட்டியலில் இரண்டாவதாக இருக்கும் பட அளவு மாற்றத்தைத் தேர்ந்தால் பல சமயம் அங்கேயே கதை முடிந்துவிடும். ஆனால் பட்டியலின் கடைசி இரண்டு வரிகளில் கை வைத்துவிடக் கூடாது. அவை உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிடும்.

சேஃப் மோடிலும் இருட்டு என்றால் சந்தேகம் வன்பொருள் பக்கம் திரும்புகிறது. இந்தக் கட்டத்தில் ஒரு நல்ல சோதனை இருக்கிறது. பலருக்கு இது தெரிவதில்லை. முன்பே ரிமோட் பிளே வசதியை இயக்கி வைத்திருந்தால், பிளேஸ்டேஷன் 4-இன் படத்தை வீட்டு வைஃபை வழியாக மொபைலிலோ கணினியிலோ பார்க்க முடியும். அந்தப் படம் எச்.டி.எம்.ஐ. பாதையில் போவதில்லை. மொபைலில் தெரிந்துவிட்டால் மூளை, நினைவகம், ஹார்டு டிஸ்க் எல்லாம் நலம் என்று ஒரே நிமிடத்தில் உறுதியாகிறது. பழுது பார்க்கக் கொடுப்பதற்கு முன் கேம் சேமிப்புகளை பென் டிரைவுக்கு மாற்றிக்கொள்ளவும் அதுவே வழி.

இந்தக் கடைசி விஷயத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பிளேஸ்டேஷன் 4-இன் ஹார்டு டிஸ்க்கில் இருப்பவை அந்தக் குறிப்பிட்ட கன்சோலுக்கே உரிய ரகசியச் சாவியால் பூட்டப்பட்டவை. டிஸ்க்கைக் கழற்றி வேறொரு பிளேஸ்டேஷன் 4-இல் மாட்டினால் அது திறக்காது. அழித்துப் புதிதாக்கவே கேட்கும். அதாவது, சிப்புகள் பதிந்த போர்டையே மாற்றிக் கொடுத்துவிட்டால் கன்சோல் ஓடும். ஆனால் பத்தாம் வகுப்பில் தொடங்கி கல்லூரி வரை ஒரு பையன் ஆடிச் சேர்த்தது போய்விடும். பெரியவர்களுக்கு அது விளையாட்டாகத் தோன்றலாம். அவனுக்கு அது நான்கைந்து வருடம். அதனால்தான், பழைய போர்டையே உயிர்ப்பித்துக் கொடுக்கிற கைக்கு இத்தனை மதிப்பு.

கடைக்குக் கொண்டுபோகும் முன் ஒரு டார்ச் விளக்கை அடித்து போர்ட்டுக்குள் பார்க்கலாம். நடுவில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் நாக்கு, அதன் மேலும் கீழும் பொன்னிறக் கோடுகளாகப் பின்கள். நாக்கு உடைந்திருக்கிறதா, ஒரு கோடு மட்டும் மடங்கிப் பக்கத்துக் கோட்டைத் தொடுகிறதா? படம் வராத கன்சோல்களில் திரும்பத் திரும்பக் காணப்படும் பழுது இதுதான். எச்.டி.எம்.ஐ. பிளக்கைப் பிடித்து நிறுத்தப் பூட்டு எதுவும் கிடையாது. பார்க்காமல் பின்னால் கையை விட்டு, தலைகீழாகத் திணித்தால் நாக்கு போகும். யாராவது ஒயரில் கால் தடுக்கினால் போர்ட் போர்டிலிருந்து சற்றே நெம்பிக்கொள்ளும். வெளியே ஒன்றும் தெரியாது.

மின்னலும் ஒரு காரணம். இடிமழை நேரத்தில் பவர் பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு கேபிள் டிவி ஒயரை அப்படியே விட்டுவிடுகிறவர்கள் நிறைய. அந்த வழியாக டிவிக்குள் பாயும் மின்வீச்சு, எச்.டி.எம்.ஐ. கேபிளில் ஏறிக் கன்சோலின் ஐசியைத் தாக்கலாம். போர்ட் புத்தம்புதிதாகப் பளபளத்துக்கொண்டிருக்கும். உள்ளே ஐசி கருகியிருக்கும்.

இங்கிருந்து வேலை தெரிந்தவர் கைக்குப் போகிறது. மூடியைக் கழற்றுவதே எல்லோருக்கும் உரியதல்ல. பிளேஸ்டேஷன் 4-இன் மின்சாரப் பகுதி உள்ளேயே இருக்கிறது. அதன் பெரிய மின்தேக்கிகள் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரத்தை வைத்திருக்கக் கூடியவை. பிளேஸ்டேஷன் 5-இல் முக்கிய சிப்புக்கும் குளிர்விப்பானுக்கும் நடுவே வழக்கமான வெள்ளைப் பசைக்குப் பதிலாகத் திரவ உலோகம். அது மின்சாரத்தைக் கடத்தும். கவனமில்லாமல் பிரித்து ஒரு துளி போர்டில் சிந்தினால், போர்ட் ஒன்றுக்காகத் திறந்த கன்சோல் வேறு பழுதோடு மூடப்படும்.

சென்னை ரிச்சி தெருவில் இப்படிப்பட்ட வேலைக்கான கருவிகள் எல்லாமே கடைவாசலில் கிடைக்கும். அவற்றில் மிக எளியதுதான் மிக முக்கியமானது: மல்டிமீட்டர். அதை டயோடு நிலையில் வைத்து, சிவப்பு முனையை போர்டின் கிரவுண்டில் தொட்டு, கறுப்பு முனையால் போர்ட்டின் ஒவ்வொரு பின்னையும் தொட்டுப் பார்க்கிறார்கள். கன்சோலுக்கு மின்சாரமே கொடுக்கத் தேவையில்லை. படத்தைச் சுமக்கும் எட்டு பின்களும் ஒரே மாதிரி வேலை செய்பவை என்பதால், எட்டிலும் ஏறக்குறைய ஒரே எண் வர வேண்டும். இது அழகான சோதனை. தயாரித்த கம்பெனி வரைபடம் கொடுக்காவிட்டாலும், ஒரு பின்னுக்கு மற்ற ஏழும் அளவுகோல் ஆகின்றன.

ஏழு பின்கள் ஒரே எண்ணைக் காட்டி ஒன்று மட்டும் 'ஓ.எல்.' என்று காட்டினால் அந்த வழி அறுந்திருக்கிறது: போர்ட்டின் கால் விட்டிருக்கலாம், வடிகட்டி உடைந்திருக்கலாம், போர்டின் செம்புக் கோடே கிழிந்திருக்கலாம். எண் பூஜ்யத்தை ஒட்டி வந்தால் எங்கோ ஷார்ட். அப்போது போர்ட்டைக் கழற்றிவிட்டு மறுபடி அளக்க வேண்டும். ஷார்ட் போய்விட்டால் குற்றம் போர்ட்டினுடையது; இன்னும் இருந்தால் ஐசியை நோக்கி நகர வேண்டும். எட்டும் சரி, பேச்சுவார்த்தைப் பின்களும் சரி, ஆனாலும் படம் இல்லை என்றால் ஐசிக்கு வரும் மின்னழுத்தங்களை ஒவ்வொன்றாக அளப்பார்கள். நல்ல பழுதுபார்ப்பவரை அடையாளம் காண வேண்டுமானால் இந்த இடத்தில் கவனிக்க வேண்டும். அளந்துவிட்டுப் பேசுகிறாரா, அளக்காமலே "ஐசி போச்சு சார்" என்கிறாரா?

போர்ட்டை மாற்றுவது சொல்ல எளிது. பின்களின் கால்கள் அரை மில்லிமீட்டர் இடைவெளியில் வரிசையாக நிற்பவை. அவை தவிர, போர்ட்டின் தகர உடம்பிலிருந்து நான்கு கால்கள் போர்டைத் துளைத்து மறுபக்கம் இறங்கியிருக்கும். அந்தக் கால்கள் கிரவுண்டோடு சேர்ந்தவை. கிரவுண்ட் என்பது போர்டுக்குள் அடுக்கடுக்காக விரிந்த செம்புத் தகடு. கொடுக்கிற சூட்டையெல்லாம் அது உறிஞ்சிக்கொள்ளும். அவசரக்காரர் என்ன செய்வார்? சூட்டைக் கூட்டுவார், போர்ட்டை இழுப்பார். செம்புத் திட்டு போர்டிலிருந்து பெயர்ந்து கையோடு வரும். பொறுமையுள்ளவர் அடியிலிருந்து போர்டை மெதுவாகச் சூடாக்கி, சுற்றியுள்ள பாகங்களை டேப் ஒட்டிக் காத்து, பிளக்ஸ் தடவி, குறைந்த சூட்டில் உருகும் கலவையைப் பழைய ஈயத்தோடு கலந்துவிடுவார். பிறகு சூடான காற்றை வீசும்போது போர்ட் தானாக நெகிழ்ந்து வரும். திட்டு ஏற்கெனவே பெயர்ந்திருந்தால், தலைமுடி கனத்தில் ஒரு இனாமல் கம்பியை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்து இழுத்துப் பாதையைப் புதிதாகப் போடுகிறார்கள். ஒரு பின்னுக்கு அரைமணி நேரம் ஆனாலும் ஆகும்.

இங்கே ஈயத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசியதும், ரசம் வைக்கும் ஈயச் சொம்பில் இருப்பதும் வெள்ளீயம். பழைய ரேடியோ, டிவி போர்டுகளில் பற்றவைக்கப் பயன்பட்டது அந்த வெள்ளீயத்தோடு காரீயம் கலந்த கலவை; 183 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். காரீயம் நஞ்சு என்பதால், 2006 ஜூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுச் சாதனங்களில் அதைக் கட்டுப்படுத்தியது. உலகச் சந்தைக்குப் பொருள் செய்பவர்களில் பெரும்பாலோர் வெள்ளீயம், வெள்ளி, செம்பு கலந்த புதிய கலவைக்கு மாறினார்கள். அது உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும். பழையதைப் போல வளைந்தும் கொடுக்காது.

எக்ஸ்பாக்ஸ் 360-இன் மூன்று சிவப்பு விளக்கு அந்த மாற்றம் நடந்த காலத்தின் துயரம். கன்சோல்கள் கொத்துக்கொத்தாக விழுந்தன. 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் அந்தப் பழுதுக்கு வாரண்டியை மூன்று வருடமாக நீட்டி, அதற்காக 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. ஆனால் வீடுகளில் அதற்குள் ஒரு கைவைத்தியம் பரவிவிட்டது: ஓடும் கன்சோலைத் துண்டால் சுற்றிச் சூடேற விடுவது. ஹீட் கன்னால் சிப்பை வறுத்தவர்களும் உண்டு. ஆச்சரியம் என்னவென்றால் பல கன்சோல்கள் உயிர்த்து எழுந்தன. சில நாட்களில், சில வாரங்களில் மறுபடி விழுந்தன.

பலரும் பழியை சிப்புக்கு அடியில் இருந்த காரீயமில்லாத ஈயத்தின் மேல் போட்டார்கள். 2021 டிசம்பரில் வெளியான 'பவர் ஆன்' ஆவணத் தொடரில் எக்ஸ்பாக்ஸ் பொறியாளர்களே காரணத்தை விளக்கினார்கள். உடைந்தவை சிப்புக்கும் போர்டுக்கும் நடுவே இருந்த இணைப்புகள் அல்ல. சிப்பின் உறைக்குள்ளேயே இருந்த நுண்ணிய இணைப்புகள். ஆடும்போது கொதித்து, அணைத்ததும் குளிர்ந்து, மறுநாள் மறுபடி கொதித்து, விரிந்து சுருங்கி விரிந்து சுருங்கியே அவை விட்டுப்போயின. வெளியிலிருந்து சூடேற்றும்போது முறிந்த முனைகள் தற்காலிகமாகத் தொட்டுக்கொள்ளும். ஒட்டுவதில்லை.

இன்றும் கடைகளில் "ஹீட் கொடுத்தா சரியாகிடும்" என்ற பேச்சு கேட்கிறது. படம் வராத பிளேஸ்டேஷன் 4-க்குப் பெரிய சிப்பைச் சூடாக்குவது, கண்ணாடி உடைந்ததற்குக் கண்ணில் அறுவைச் சிகிச்சை செய்வதைப் போன்றது. பழுது பின்பக்கத்துப் போர்ட்டில் இருக்கும். நன்றாக இருந்த சிப் பலியாகும். அதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: எந்தப் பின்னில் என்ன எண் வந்தது?

கம்பெனிகள் போர்டு வரைபடங்களையும் தனி ஐசிகளையும் பொதுமக்களுக்குத் தருவதில்லை. செத்த போர்டுகளிலிருந்து கழற்றிய ஐசிகளையும் நம்பித்தான் இந்தத் தொழில் நடக்கிறது. அமெரிக்காவில் 2021-இல் கன்சோல் பழுதுக்காகப் பதிப்புரிமைச் சட்டத்திலிருந்து விலக்கு கொடுக்கப்பட்டபோது, அது டிஸ்க் டிரைவைப் பழுதுபார்ப்பதோடு நின்றுவிட்டது. இந்தியாவில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுநீக்கும் உரிமைக்கென ஒரு இணையதளத்தைத் தொடங்கியது. மின்னணுச் சாதனங்களும் அதன் பிரிவுகளில் ஒன்று. மேசையில் மைக்ராஸ்கோப்போடு உட்கார்ந்திருப்பவருக்கு வேண்டியது ஒரு வரைபடம். அது அவர் கைக்கு வரும்வரை, நல்ல போர்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்து எண்ணுக்கு எண் ஒப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

வேலை முடிந்து கன்சோலைத் திரும்ப வாங்கும்போது கடையிலேயே டிவியில் மாட்டிப் பார்த்துவிட வேண்டும். படம் வந்துவிட்டது என்று உடனே கிளம்பக் கூடாது. கேபிளை ஐந்தாறு முறை கழற்றிச் செருகி, செருகிய நிலையில் பிளக்கை மேலும் கீழும் லேசாக அசைத்துப் பார்க்க வேண்டும்; ஈயம் சரியாகப் பிடிக்காத பின் அந்த அசைவில் மினுக்கிக் காட்டிக்கொடுக்கும். பிறகு அரைமணி நேரம் ஒரு கேமை ஓட்டி, போர்டு நன்றாகச் சூடேறிய பிறகும் படம் நிற்கிறதா என்று பார்ப்பது. கடைசியாக, சேமிப்புப் பட்டியலைத் திறந்து பழைய ஆட்டங்கள் அதனதன் தேதியோடு அப்படியே இருக்கின்றனவா என்று கன்சோலுக்குச் சொந்தக்காரரான பையனையே சரிபார்க்கச் சொல்வது.